வகுப்பறையில் நம் வீட்டுப் பேச்சுக்கு இடம் உண்டா?



போன ஜூன் மாதம் கொருக்குப்பேட்டையில் ஒரு குழுவின் மாதக் கூட்டம். சேமிப்பு வாங்கியாச்சு, உள்கடன் தவணை வரவு வைத்தாச்சு. தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தில், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு உறுப்பினர் மெதுவாகச் சொன்னார்: "இந்த வருசத்தோட என் பொண்ணை ஸ்கூலை வுட்டு நிறுத்திடலாம்னு கீறேன்கா."

ஏன் என்று கேட்டோம். "டீச்சர் கூப்டு சொல்லிட்டாங்க. பொண்ணு வாயே தொறக்க மாட்டேங்குதாம், மந்தமா கீதாம். ஸ்பெஷல் ஸ்கூல் எதுனா விசாரிங்கன்னாங்க. அங்கெல்லாம் யாரு இட்டுனு போறது? என்கூடவே கூடை தூக்கட்டும்."

நாலாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை அது. ஒன்பது வயசு. கூட்டத்தில் இருந்த மற்றவர்களும் "பொம்பளப் பிள்ளைதானே" என்று தலையாட்டினார்கள். நாங்கள் மட்டும், ஒரு வாரம் பொறுங்கள், பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், அந்தப் பிள்ளைதான் கதவைத் திறந்தது. "குந்துங்கக்கா, அம்மா தண்ணி புடிக்கப் போயிருக்கு" என்று பாயை விரித்தது. பேச்சு கொடுத்தோம். சங்கரா கிலோ 180 ரூபாய்னா முக்கால் கிலோ எவ்வளவும்மா? "அரை கிலோ தொண்ணூறு, கால் கிலோ நாப்பத்தஞ்சு, நூத்தி முப்பத்தஞ்சு." நாங்கள் மனதுக்குள் பெருக்கி முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது! இதுவா மந்தம்?

பிறகு ஒரு தாளில் 45 x 3 என்று எழுதிக் கொடுத்தோம். பிள்ளையின் முகம் மாறிவிட்டது. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தது, நிமிரவே இல்லை. இப்போதுதான் சொன்ன அதே கணக்கு!

பிள்ளை எப்போது வாயை மூடியது?

அம்மா வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் வந்தது. இரண்டாம் வகுப்பில் ஒரு நாள், காலையில் என்ன செய்தாய் என்று டீச்சர் ஒவ்வொருவராகக் கேட்டிருக்கிறார். இந்தப் பிள்ளை எழுந்து, "நாஷ்டா துன்னுட்டு வந்தேன் மிஸ்" என்றிருக்கிறது. டீச்சர் சிரித்துவிட்டு, "அப்படிப் பேசக் கூடாது, நல்ல தமிழ்ல சொல்லு" என்றாராம். வகுப்பே சிரித்திருக்கிறது. சிரித்த பிள்ளைகள் வீட்டிலும் அதே பேச்சுதான், அதுதான் வேடிக்கை. டீச்சர் சிரித்ததால் அவர்களும் சிரித்தார்கள்.

அதோடு இன்னொன்று. பையிலிருந்து மீன் வாசனை வருகிறது என்று பக்கத்தில் உட்கார மாட்டேன் என்றது ஒரு பிள்ளை. வீட்டில் ஒரே அறை, பையும் கூடையும் ஒரே மூலையில்தான் இருக்கும். பிள்ளை கடைசி வரிசைக்குப் போய்விட்டது. அங்கிருந்து எழுந்து பதில் சொல்வதற்கு அதற்கு எந்தக் காரணமும் இல்லாமல் போய்விட்டது.

அந்த டீச்சர் கெட்டவர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. அதைப் பிறகு சொல்கிறோம்.

அது கெட்ட பேச்சா?

வட சென்னைப் பேச்சைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பது வழக்கம். சினிமாவிலும் ரவுடி என்றால் இந்தப் பேச்சு, சிரிப்பு நடிகர் என்றால் இந்தப் பேச்சு. ஆனால் அந்தச் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். நாஷ்டா, பேஜார் எல்லாம் உருதுக்காரர்களோடு பழகி வந்தவை. நைனா, டப்பு தெலுங்கிலிருந்து வந்தவை. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், ரயில்வே யார்டில் வேலை பார்த்தவர்கள், தோல் கிடங்குக்கும் எண்ணெய் மில்லுக்கும் வந்தவர்கள் என்று பல ஊர்க்காரர்கள் ஒரே தெருவில் குடியிருந்து உண்டாக்கிய பேச்சு இது. 'குந்து' என்பது எங்கிருந்தும் வந்ததில்லை, தமிழ் அகராதியிலேயே இருக்கிற சொல்.

'துட்டு' என்கிறோமே, அது டச்சுக்காரர்களின் 'டொயிட்' என்ற செப்புக் காசின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். டச்சுக்காரர்கள் யார்? நம் பொன்னேரி குழுக்களுக்குத் தெரிந்த பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டி வியாபாரம் பண்ணினவர்கள்தான். ஆக, ஒரு பிள்ளை வாயில் வரும் ஒரு சொல்லுக்குள் நானூறு வருசத்துக் கதை இருக்கிறது. அதைச் சிரித்து ஒதுக்கினால் நஷ்டம் யாருக்கு?

அதற்காகப் பரீட்சையில் "துன்னுட்டு வந்தேன்" என்று எழுதட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. புத்தகத் தமிழ் நம் பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் ஒரு மனுகூட எழுத முடியாது, நமக்குத் தெரியாததா! கேள்வி என்னவென்றால், அதை எந்த வழியாகக் கொண்டுபோவது? ஒரு நல்ல டீச்சர் கரும்பலகையில் "குந்து" என்று எழுதி, பக்கத்தில் "உட்கார்" என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் "அமர்" என்று எழுதுவார். வீட்டில் எது, பள்ளியில் எது, மேடையில் எது என்று கேட்பார். பிள்ளை ஒன்றை இழக்காமல் மூன்றைக் கற்றுக்கொள்ளும். "எறா" என்று சொல்லும் பிள்ளைக்கு "இறால்" என்று எழுதக் கற்றுக்கொடுக்க இரண்டு நிமிடம் போதும். எறா என்றால் தப்பு என்று சொல்லி உட்கார வைத்தால், அந்தப் பிள்ளையை மறுபடி எழுப்ப இரண்டு வருசம் ஆகும்.

சந்தையில் வரும் கணக்கு பள்ளியில் ஏன் வரவில்லை?

இது நம் கொருக்குப்பேட்டைப் பிள்ளைக்கு மட்டும் நடந்ததில்லை. பிரேசில் நாட்டில் ரெசிஃபே என்று ஒரு துறைமுக நகரம். அங்கே தெருவில் தேங்காய், பழம் விற்கும் ஏழைப் பிள்ளைகள் ஐந்து பேரிடம் ஆராய்ச்சியாளர்கள் வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டார்கள். ஒரு தேங்காய் 35 என்றால் 10 தேங்காய் எவ்வளவு? ஒரு பையன், மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, இன்னும் மூன்று சேர்ந்தால் 315, கடைசி ஒன்றுக்கு 35 என்று கூட்டி 350 என்றான். கடையில் கேட்டபோது நூற்றுக்கு 98 பதில் சரி. அதே பிள்ளைகளுக்கு அதே மாதிரிக் கணக்கைத் தாளில் வெறும் எண்ணாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி! இது 1985-ல் வெளிவந்த ஆய்வு.

நம் நாட்டிலும் செய்து பார்த்தார்கள். நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் எஸ்தர் டுஃப்லோவும் மற்றவர்களும் சேர்ந்து கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் சுமார் 1,400 பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 2025-ல் வந்தது. சந்தைக் கணக்கை மனதிலேயே போடும் பிள்ளைகள் பள்ளிக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தைக்கே போகாத, பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். அதாவது குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் பாலம் போடவில்லை, அவ்வளவுதான்.

இதைப் படித்துவிட்டு, அப்போ பிள்ளையைக் கூடையோடு அனுப்பலாம் போலிருக்கே என்று யாரும் நினைத்துவிடாதீர்கள்! 14 வயசுக்குக் கீழே வேலைக்கு வைப்பது சட்டப்படி குற்றம். அதுவும் போக, மனக்கணக்கு மட்டும் தெரிந்த பிள்ளை நாளைக்குப் பேங்க் பாஸ்புக்கில் வட்டி சரியா என்று பார்க்க முடியாது. மீன்கூறு வைத்தே வகுத்தலைச் சொல்லித் தாருங்கள், அதிலிருந்து தாளுக்கு வாருங்கள் என்பதுதான் நாம் பள்ளியிடம் கேட்பது.

இப்படிப் பிள்ளையின் வீட்டையும் ஊரையும் பேச்சையும் வகுப்புக்குள் எடுத்துக்கொண்டு சொல்லித்தருவதைப் பற்றி வெளிநாட்டிலும் நிறைய எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ் என்ற பேராசிரியர், கறுப்பினப் பிள்ளைகளை நன்றாகப் படிக்க வைக்கும் எட்டு ஆசிரியைகளைப் பக்கத்திலிருந்து பார்த்து 1994-ல் ஒரு புத்தகம் எழுதினார். எட்டுப் பேரும் எட்டு விதமாகச் சொல்லித் தந்தார்கள். ஆனால் பிள்ளைகளின் வீட்டைக் குறைவாக நினைக்கவில்லை, படிப்பிலும் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த இரண்டாவது விஷயம் முக்கியம். பாவம், ஏழைப் பிள்ளை என்று சுலபமாக விட்டுவிடுவதும் ஒதுக்குவதுதான்.

நம் சென்னையிலேயே நடந்தது

அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13-ல் 'செயல்வழிக் கற்றல்' ஆரம்பித்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். அதற்கு முன்னால் வேலூர் மாவட்டத்தில், கொத்தடிமையாக இருந்து மீட்ட பிள்ளைகளுக்கு எப்படிப் படிப்புச் சொல்லித்தருவது என்று வேலை செய்தவர். ஆந்திராவில் மதனப்பள்ளி பக்கம் இருக்கும் ரிஷிவேலியில் கிராமத்துப் பள்ளிகளுக்காக உண்டாக்கிய முறையைப் பார்த்து, அதை இங்கே கொண்டுவந்தார்கள். அடுத்து மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் போனது, 2007-ல் தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் போனது.

அந்த வகுப்பைப் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். பெஞ்சு கிடையாது, பாயில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், டீச்சரும் கூடவே தரையில். சுவரில் பிள்ளைகளுக்கு எட்டுகிற உயரத்தில் கரும்பலகை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இடம். பாடம் அட்டைகளில் இருக்கும், ஏணிப்படி மாதிரி ஒன்று முடித்து அடுத்தது. பத்து நாள் வராமல் போன பிள்ளையும் விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். ஊருக்குப் போய்விட்டு வரும் கூலிக்காரர் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! வரைந்த படத்தைத் தலைக்கு மேலே கம்பியில் தொங்க விடுவார்கள்.

குறையும் இருந்தது. சில இடங்களில் அட்டையை எடு, வை என்று சடங்காகப் போய்விட்டது. என் பிள்ளை விளையாடிக்கிட்டே இருக்கு, எழுத வைக்கலை என்று நம் உறுப்பினர்களே சண்டைக்குப் போனதும் உண்டு. பெயரும் முறையும் பிறகு மாறின. கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. தொடங்கியபோது ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துச் சொல்லித்தரும் திட்டம். இது எந்த இடத்தில் ஆரம்பிப்பது என்று தெரிந்துகொள்ளத்தான், ரேங்க் இல்லை. "உன் பிள்ளை இன்னும் அரும்பா?" என்று தண்ணிக் குழாயடியில் கேட்கிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

இதில் நம் கை சுத்தமா?

இந்த இடத்தில் எங்களுக்கே கூச்சமாக இருக்கிறது. கொருக்குப்பேட்டைக் குழுவில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, "எங்க பசங்களைச் சிரிக்கிறாங்க" என்று கோபப்பட்ட அதே உறுப்பினர்களில் ஒருவர், "இந்திக்காரப் பசங்க பக்கத்துல மட்டும் என் புள்ளைய உக்கார வைக்காதீங்கன்னு நான் சொல்லிட்டேன்" என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

பீகார், ஒடிசா பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இப்போது வட சென்னை முழுக்க இருக்கின்றன. அந்தப் பிள்ளைகள் வகுப்பில் ஒரு சொல்கூடப் புரியாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பிள்ளைக்குப் புத்தகத் தமிழ் தூரம் என்றால், அவர்களுக்கு மொத்தமும் தூரம். கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பொறுக்கப் போகும் குடும்பத்துப் பிள்ளைகளை 'குப்பைமேட்டுப் பசங்க' என்று கூப்பிடுவது யார்? நம் பிள்ளைகள்தான். அவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது?

கிராமத்துக் குழுக்களும் சிரிக்க வேண்டாம். மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் இருளர் குடியிருப்புப் பிள்ளைகள் எத்தனை பேர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டுகிறார்கள்? வகுப்பில் எங்கே உட்கார்கிறார்கள்? எந்தச் செடி எந்தக் காய்ச்சலுக்கு, எலி வளை எங்கே, பாம்பு எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததில் பாதி நமக்குத் தெரியாது. சூழ்நிலையியல் பாடத்தில் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்?

நம் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒரு நல்ல காரியமும் நடந்திருக்கிறது. செங்கல் சூளைக்கு ஒடிசாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்களின் பிள்ளைகளுக்கு, ஒடியா தெரிந்த ஆட்களை வைத்து, ஒடியா பாடப்புத்தகத்தோடு வகுப்பு நடத்தினார்கள். சீசன் முடிந்து ஊருக்குப் போனால் அங்கே பள்ளியில் தொடரலாம் என்று. கல்வி உரிமைச் சட்டமும் (2009) முடிந்த அளவு பிள்ளையின் தாய்மொழியில் சொல்லித்தர வேண்டும் என்றுதான் சொல்கிறது. வயசுச் சான்று இல்லை, டி.சி. இல்லை என்று சேர்க்காமல் அனுப்பக் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது.

மந்தம் என்று யார் சொல்வது?

அந்தப் பிள்ளையை முதலில் காதும் கண்ணும் காட்டச் சொன்னோம். சரியாகக் கேட்காத பிள்ளை, போர்டு தெரியாத பிள்ளைகூட மந்தம் மாதிரித்தான் தெரியும். இரண்டும் நன்றாக இருந்தன. ஒருவேளை நிஜமாகவே குறை இருந்தால்? அப்போதும் பள்ளியை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் (2016) படி 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயசு வரை இலவசப் படிப்பு உண்டு. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுப்பது நம் உரிமை. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருக்கிறார், அங்கே கேளுங்கள்.

பள்ளிக்குப் போனோம்

தனியாக ஒரு அம்மா போனால் வாசலோடு பேசி அனுப்பிவிடுவார்கள். அதனால் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்தன்று ஐந்து பேராகப் போனோம். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும். நம் உறுப்பினர்கள் இரண்டு பேர் ஏற்கெனவே அதில் இருந்தார்கள். என்ன தீர்மானம் என்று தெரியாமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள்!

சண்டை போடப் போகிறோம் என்று டீச்சர் பயந்துவிட்டார். நாங்கள் 180 ரூபாய் சங்கரா கதையைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லலையேம்மா" என்றார். தெற்கு மாவட்டத்திலிருந்து வந்தவர், இரண்டு வகுப்பைச் சேர்த்துப் பார்க்கிறார். வந்த புதிதில் பிள்ளைகள் பேசுவது அவருக்கே பாதி புரியவில்லையாம். "எறா, கடம்பான்னா என்னன்னு நானே யாருகிட்டயோ கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று சிரித்தார். நமக்கும் அவர் மேலிருந்த கோபம் கொஞ்சம் இறங்கியது.

அன்றைக்குப் பேசி முடிவானது மூன்று விஷயம். ரயில்வே கேட் மூடியதால் தாமதமாக வரும் பிள்ளைகளை வெளியே நிற்க வைப்பதில்லை. கூட்ஸ் வண்டி நின்றால் பிள்ளை என்ன பண்ணும்? வகுப்புச் சுவரில் ஒரு சார்ட், ஒரு பக்கம் வீட்டுச் சொல், எதிரே புத்தகச் சொல், அதில் இந்திப் பிள்ளைகளின் சொல்லுக்கும் ஒரு பத்தி. அப்புறம், மாதம் ஒரு பெற்றோர் வகுப்புக்கு வந்து தன் வேலையைப் பற்றிச் சொல்வது.

முதலில் போனவர் அந்த மீன்காரம்மாதான். ஏலம் எப்படிக் கூவுவார்கள், கூறு எப்படி வைப்பது, ஐஸ் செலவு போக லாபம் எவ்வளவு என்று சொன்னார். பிள்ளைகள் விடவே இல்லை. அடுத்து ஒரு அப்பா கேரம் போர்டோடு போனார். வட சென்னையின் எம். காசிமா 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வாங்கியதிலிருந்து நம் தெருக்களில் கேரம் என்றால் தனி மரியாதை. ஸ்ட்ரைக்கர் எந்தக் கோணத்தில் பட்டால் காய் எங்கே போகும் என்று அவர் காட்டியதில், கணக்கு வேண்டாம் என்ற பையன்கள் எல்லாம் ஸ்கேல் எடுத்து வந்தார்கள்.

பீகார் பையனின் அப்பா வரவில்லை. கூலி போய்விடும் என்றார். அது உண்மைதான், அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

அந்தப் பிள்ளை இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்கிறது. சார்ட்டில் மீன் பெயர்களை எழுதியது அதுதான். சத்தமாக வாசிக்கச் சொன்னால் இன்னும் திணறுகிறது. கணக்கில் பரவாயில்லை, தாளில் எழுதும்போது ஓரத்தில் சின்னதாக மீன் வரைந்து வைத்துக்கொண்டு போடுகிறதாம். அம்மா எங்களிடம், "முழுப் பரிச்சை வரைக்கும் பாக்கறேன்கா, அப்புறம் சொல்றேன்" என்றிருக்கிறார். நிறுத்த மாட்டேன் என்று அவர் இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மாதக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் கால் மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நம் உறுப்பினர் யார் யார் என்று நோட்டில் எழுதுங்கள். பிள்ளைகள் வீட்டில் பேசி, பள்ளியில் பேசக் கூச்சப்படும் சொற்கள் இருபது எழுதி ஊக்குநரிடம் கொடுத்தனுப்புங்கள். இருளர் குடியிருப்பு பக்கத்தில் இருந்தால் அங்கேயும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். வருகிற சொற்களை அடுத்த இதழில் போடுகிறோம்.